மணி அடிக்காத பழுது

1. தப்பான தோட்டம்

ஆஸ்பத்திரி வண்டி மேட்டுத் தோட்டத்துக்குப் போகவேண்டியது. காட்டுத் தோட்டத்துக்குப் போய், அங்கே யாருக்கும் ஒன்றும் இல்லை என்று தெரிந்து, திரும்பிச் சரியான தோட்டத்துக்குப் போவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மேட்டுத் தோட்டத்தில் வீரப்பன் என்ற தொழிலாளியின் வலது கை ரப்பர் ஷீட்டை அழுத்தும் ரோலரில் மாட்டியிருந்தது. ஆள் பிழைத்தார். கையை எடுத்துவிட்டார்கள்.

தோட்டத்துக்குப் பக்கத்து ஊரான தைப்பிங்கின் ஆஸ்பத்திரி வண்டி அன்றைக்கு ரிப்பேரில் இருந்ததால், தூரத்து ஊரான ஈப்போவின் வண்டியைப் போனில் கேட்டிருந்தார்கள். கேட்டவர் தைப்பிங் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர் ஆறுமுகம். அவர் தோட்டத்தில் பிறந்து, படித்து, இந்த வேலைக்கு வந்தவர். நான் அப்போது ஈப்போ எக்ஸ்சேஞ்சில் டெஸ்ட் டெஸ்க்கில் இருந்தேன். லைன்களைச் சோதித்துப் பழுது கண்டுபிடிப்பது என் வேலை.

மறுநாள் காலை சூப்பர்வைசர் தம்பையா என்னைக் கூப்பிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர், ஆனால் கேட்காமல் தீர்ப்புச் சொல்லமாட்டார்.

"நேற்று மத்தியானம் மழைக்குள்ள தைப்பிங் லைன் அலாரம் அடிச்சதோ?"

"இல்லைங்க ஐயா."

"அப்ப லைன் நல்லாத்தான் இருந்திருக்கு. தைப்பிங் பொடியன்தான் தோட்டத்தின்ர பேரைப் பிழையாச் சொல்லியிருக்கிறான். அவனை வேலையில இருந்து நிப்பாட்டச் சொல்லித் தைப்பிங்கில கேக்கினம்."

2. அலாரத்துக்கு என்ன தெரியும்

அந்த அலாரம் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லவேண்டும். லைனில் எப்போதும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும். அது ரிலே என்கிற ஒரு சின்ன மின்காந்தச் சுவிட்சைப் பிடித்து வைத்திருக்கும். கரண்ட் குறைந்தால் ஸ்பிரிங் ரிலேயை இழுத்துவிடும், மணி அடிக்கும். ஸ்பிரிங்கை இறுக்கினால் சின்னக் கோளாறுக்கும் அடிக்கும். தளர்த்தினால் கம்பி அறுந்தால்தான் அடிக்கும்.

தைப்பிங்கில் மழைக்குக் குறைவே இல்லை. முதலில் இறுக்கி வைத்திருந்தோம். மழை தூறினாலே மணி. சுவிட்ச்போர்டில் இருந்த ஆபரேட்டர்களுக்குத் தலைவலி. "இதுல வேல செய்ய முடியாதுலா" என்று எல்லாரும் புகார் சொன்ன பிறகு, தளர்த்தி வைக்கும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. அதன் பிறகு அமைதி. அந்த அமைதியை எல்லாரும் லைன் நன்றாக இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

நான் தம்பையாவிடம் சொன்னேன்: "ஐயா, மணி அடிக்கலைன்னா கம்பி அறுபடலைன்னு அர்த்தம். பேச்சு தெளிவா வருதான்னு அதுக்குத் தெரியாது."

அவர் ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். பிறகு, "மழை வரட்டும். நானே கேட்டுப் பாக்கிறன்" என்றார்.

3. மழையில் கேட்டது

மழை அன்று பிற்பகலே வந்தது. தம்பையா ஹெட்போனை மாட்டிக்கொண்டு தைப்பிங்கைக் கூப்பிட்டார். ஆறுமுகம்தான் எடுத்தார். தன்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. வேலை போய்விட்டது என்று சொல்லத்தான் என்று நினைத்தாராம்.

"உனக்குத் தெரிஞ்ச தோட்டப் பேரெல்லாம் ஒவ்வொண்டாச் சொல்லு" என்றார் தம்பையா.

ஆறுமுகம் சொல்லச் சொல்ல, காதில் பட்டதைத் தம்பையா எழுதிக்கொண்டே வந்தார். எனக்கு இன்னொரு ஹெட்போன் கொடுத்திருந்தார். பொரிகிற சத்தத்துக்குப் பின்னால் குரல் எங்கோ தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல வந்தது. 'தோட்டம்' மட்டும் புரிந்தது. முன்னால் இருக்கிற பேர் கரைந்துபோனது. அலாரம் சும்மா இருந்தது.

எழுதியதைத் தம்பையா திருப்பிப் படித்துக் காட்டினார்; மேட்டுத் தோட்டத்தை அவரும் காட்டுத் தோட்டம் என்றே எழுதியிருந்தார். மறுமுனையில் ஆறுமுகம் கத்தினார்: "இல்லைங்க ஐயா! நான் அப்படிச் சொல்லலைங்க!" அதுவும் பாதிதான் கேட்டது.

தம்பையா ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நானும் வண்டியைக் காட்டுத் தோட்டத்துக்குத்தான் அனுப்பியிருப்பன்" என்றார்.

அன்றே மேலிடத்தில் பேசினார். லைன்மேன்கள் தேடிப் போனதில், வழியில் ஒரு மூங்கில் புதர் மழையில் கனத்துச் சாய்ந்து கம்பிகள் மேல் கிடந்தது தெரிந்தது. வெயில் வந்தால் அது நிமிர்ந்துகொள்ளும், லைனும் சரியாகிவிடும்.

4. பிறகு

ஸ்பிரிங்கை ரொம்ப இறுக்காமலும் ரொம்பத் தளர்த்தாமலும் ஓர் இடத்தில் நிறுத்த எனக்குப் பல மழை பிடித்தது. அதோடு ஒரு புது வழக்கமும் வந்தது. மழை நேரத்தில் தைப்பிங் சில பேர்களைச் சொல்லவேண்டும், ஈப்போ திருப்பிச் சொல்லவேண்டும். பேர் தப்பாக வந்தால் அவசரச் செய்தியைத் தந்தியில் அனுப்பவேண்டும்.

ஆறுமுகத்துக்கு வேலை போகவில்லை. ஆனால் அவர் என்னிடம் கேட்டது வேறு. "அண்ணே, அந்த ஆளு என்னாலதான் கை போச்சுன்னு நெனச்சுக்கிட்டு இருப்பாரு. யாராவது போய்ச் சொல்லணும்ணே."

தம்பையாவும் நானும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். மூங்கில், கம்பி, சத்தம் எல்லாவற்றையும் தம்பையாவே விளக்கினார். வீரப்பன் கை போன இடத்தில் இருந்த கட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அந்தத் தம்பி எத்தனை தடவை சொன்னாராம்?"

"ஈப்போவில எங்கட ஆக்கள் கேட்கக் கேட்கத் திருப்பித் திருப்பிச் சொல்லியிருக்கிறான்" என்றார் தம்பையா.

"அப்போ எனக்காக ஒருத்தர் கத்திக்கிட்டுத்தான் இருந்திருக்காரு" என்றார் வீரப்பன். அதற்கு மேல் எங்களிடம் அவர் எதுவும் கேட்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அலாரம் சும்மா இருக்கிறது என்று நாமும் சும்மா இருக்கக்கூடாது. ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்துக் கேளுங்கள்.