முதல் எழுத்தும் ஒரு நட்சத்திரமும்

நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. குளிர்கிடங்கில் விறைத்துச் செத்த என் கூட்டாளியின் மனைவிக்குக் கம்பெனி தரவேண்டிய பணம். உள்ளே ஆள் இருக்கிறானா என்று பார்க்காமல் கதவைப் பூட்டியவர் மேனேஜர். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். எனக்கு எழுத்தே நாற்பத்தொரு வயதில்தான் வந்தது. கதை கட்டுகிற அளவுக்கு வரவில்லை.

அவன் செத்த பத்தொன்பதாம் நாள். இரவு 1:40. மேனேஜர் ஆபீசுக்குக் கூப்பிட்டார். காலையில் விசாரணை. அப்படி ஒருவன் வேலையே பார்க்கவில்லை என்று காட்ட, கம்ப்யூட்டரில் அவன் பேரை அழிக்க வேண்டும். அவர் மூக்குக்கண்ணாடியைக் காணோம்.

"வாசிக்கத் தெரிஞ்ச கழுதை இப்ப நீ ஒருத்தன்தான் இருக்கே. வா."

அவன் பேரை ஆளுக்கொரு விதமாக அடித்து வைத்திருந்தார்கள். அதனால் முதல் எழுத்தை மட்டும் அடித்து, பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார்.

"இதைப் போட்டா, பின்னாடி எந்த எழுத்து இருந்தாலும் வந்து நிக்கும். பாத்துச் சொல்லு."

ஆறு வரி. ஐந்து அவன் பேர். ஐந்தாவதுக்கு நேராக, 'உள்ளே இருக்கிறார். இன்று 1:38.'

வாசித்தேன்.

"மெஷின் உளறுது. மிச்சம்?"

ஆறாவது... மேனேஜரின் பேர். அதே முதல் எழுத்து.

"எல்லாம் அவன்தானே?"

சொல்லியிருக்கலாம்.

"அவன்தான் சார்."

ஆறையும் சேர்த்து அழித்தார். 1:52.

டக்... டக்... குளிர்கிடங்கிலிருந்து.

போய்ப் பார்த்தோம். பூட்டிய கதவு ஒரு கை அகலம் திறந்திருந்தது. வெள்ளைப் புகை.

"எவன்டா உள்ளே?" திட்டிக்கொண்டே நுழைந்தார்.

கதவு மூடியது.

அவன் செத்த பிறகு மாட்டிய புதுப் பூட்டு; உள்ளிருந்து திறக்க, அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். பீப்... பேர் இல்லை என்கிற சத்தம். பீப்... பீப்...

ஓடிப்போய் என் அட்டையைக் காட்டினேன். பச்சை விளக்கு. பிடியை இழுத்தேன்.

உள்ளேயிருந்து யாரோ எதிர்த்து இழுத்தார்கள்.

மேனேஜர் இல்லை. அவர் இரண்டு கையாலும் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

2:50. தட்டல் நின்றது.

3:40. பிடி தானாக இளகியது.

மூன்றாம் நாள், நான் தங்கச்சி என்று கூப்பிடும் கூட்டாளியின் மனைவிக்குப் பணம் வந்துவிட்டது. ஒரு காசு குறையவில்லை. கிளார்க் தம்பி முகம் வெளிறி ஒரு தாளை நீட்டினான்.

"அழிச்ச பேருல எப்படிண்ணே இது போகும்?"

எழுத்துக் கூட்டி வாசித்தேன். ஒப்புதல் கொடுத்தவர்: மேனேஜர். ஆபீஸ் கம்ப்யூட்டர். நேரம் அன்றிரவு 3:05.

உயிர் மூன்று மணிக்கு முன்பே போய்விட்டதாக டாக்டர் எழுதியிருந்தார். அந்த நேரம் ஆபீசில் ஒரு ஈ காக்கை இல்லை. நான் கதவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

பாக்கி எதுவும் இல்லை என்று தங்கச்சி கைநாட்டு வைத்தாள். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன்.