ஏழுமலை தீட்டாத கல்

வாயில் உப்புக் கரித்து இறங்கிய ரத்தம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வலி பிறகுதான் வந்தது. எண்பதுகளின் கடைசியில், ஆவடித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ் பிள்ளைகளான எங்களுக்கும் ஏரிக்கரை ஊர்ப் பிள்ளைகளுக்கும் கோடை விடுமுறை முழுக்கக் 'கல்லடி' நடக்கும். ரோடு போட லாரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண் சரளை மேடுதான் இரு படைக்கும் ஆயுதக் கிடங்கு. பையன்களுக்குச் சளைக்காமல் எறிந்துகொண்டிருந்த என் புருவத்தை, ஊர்ப்பையன் ஏழுமலை எறிந்த கல் எலும்பு தெரியப் பிளந்தது.

அந்தக் கல்லைப் பார்த்ததும்தான் பெரியவர்களுக்கு வெறி ஏறியது. உள்ளங்கை அளவு, இலை வடிவம், இரண்டு பக்கமும் செதுக்கிய கூர்விளிம்பு. வேண்டுமென்றே தீட்டிக்கொண்டு வந்திருக்கிறான், போலீஸில் பிடித்துக் கொடுத்துச் சிறுவர் ஜெயிலுக்கு அனுப்பவேண்டியதுதான் என்று குவார்ட்டர்ஸே கொதித்தது. ஏழுமலையைத் தரதரவென்று இழுத்துவந்து, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் அவன் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, கிரிக்கெட் ஸ்டம்பை ஓங்கினார் திருநெல்வேலிக்காரரான என் அப்பா.

"ஏலே, எதுல தீட்டுன? சொல்லுல!"

"நான் தீட்டல சார், கீயே கெடந்துச்சு, சத்தியமா!"

ஒவ்வொரு மறுப்புக்கும் ஓர் அடி. புருவத்தைத் துணியால் அழுத்திக்கொண்டு நின்ற எனக்கு விரல் முறியும் சத்தம் கேட்டது. "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. அவரை இன்றும் வெறுக்கிறேன்.

ஏரிப்பக்கம் பையோடு அலைந்து கல் சேர்த்ததால் நாங்கள் 'கல்பொறுக்கி அக்கா' என்று கேலி செய்த ஆராய்ச்சி மாணவி, அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அந்தக் கல்லை வாங்கிப் பார்த்தார். சரளை மேட்டிலிருந்து அதே மாதிரி இன்னொரு கல்லை எடுத்துவந்து உடைத்தார், உள்ளே வெளுத்திருந்தது.

"புதுசா செதுக்கியிருந்தா இப்படி வெளுப்பா இருக்கணும் சார். இது கூர் வரைக்கும் செம்மண் கறை ஊறிக் கிடக்கு. ஊரெல்லாம் உண்டாகறதுக்கு எத்தனையோ காலம் முன்னாடி, மிருகத்தை அறுக்க மனுஷன் செஞ்ச கைக்கோடரி. இவன் செய்யல."

அப்பா ஸ்டம்பைக் கீழே போட்டார். யாரும் போலீஸுக்குப் போகவில்லை. செய்தி கேட்டு ஓடிவந்த ஏழுமலையின் நைனா, மகனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அந்த அக்காவிடம் கேட்டார்: "இத்த மின்னாடியே வந்து சொல்லக்கூடாதாம்மா?"

சரளை மேடு போய் அங்கே அடுக்குமாடி எழுந்துவிட்டது. கல்லடியை அறிந்த பிள்ளைகள் இன்று யாருமில்லை. கல் மட்டும் ஓர் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. அதைச் செய்தவனின் கைத்திறனை அருகிலுள்ள அட்டை வியந்து பேசுகிறது. ஏழுமலையை அண்ணனூர் ரயில் ஸ்டேஷனில் அவ்வப்போது பார்க்கிறேன். வலது கையால் ஒரு டீ கிளாஸைப் பிடிக்க அவனால் இன்றும் முடியாது.