தறி ஓடும் ஊரில் ஒரு மைக்

மைக் விற்கும் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் மைக் வாங்க வருவதில்லை. குறை தங்கள் குரலில் இல்லை, பழைய மைக்கில்தான் என்று யாராவது சொல்லக் கேட்டுவிட்டுப் போக வருகிறார்கள். கவுன்டருக்குப் பின்னால் நின்று, பல்லைக் காட்டிக்கொண்டே பல்லைக் கடிக்கும் என் இனத்தாரே, நீங்கள் விற்பது சேலையோ மிக்ஸியோ, இது உங்களுக்குச் சொல்லாமலே புரியும். காந்திபுரத்தில் ஒலிப்பதிவுச் சாமான்கள் விற்கும் கடையில் எனக்கு வேலை. கல்லாவில் முதலாளி செல்வராஜண்ணன். வருகிறவர்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்துச் சொல்வதும், சொன்னதற்காகப் பேச்சு வாங்குவதும் நான்.

வாடகை வீடு

"எந்த மைக்குங்க நல்ல மைக்கு?" என்று கேட்பவர்களிடம் நான் பதிலுக்குக் கேட்பது, "எந்த ரூம்ல வெச்சுப் பாடப் போறீங்க?" என்பதுதான். மொட்டைச் சுவரும் டைல்ஸ் தரையுமாக இருக்கிற அறையில் எவ்வளவு உசத்தியான மைக்கை வைத்தாலும் பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரிதான் இருக்கும். முதலில் அறை, அப்புறம்தான் மைக். இது என் தொழில் தர்மம். ஆனால் கேட்கிறவர்களுக்கு எரிச்சலாக இருக்கிறது.

பீளமேட்டில் ஸ்டுடியோ ஆரம்பிக்கப் போவதாக ஒருவர் வந்தார். ஜன்னல் எந்தப் பக்கம், ரோடு கிட்டவா, மாடியில் குடியிருப்பது யார், சின்னக் குழந்தைகள் உண்டா என்று நான் வரிசையாகக் கேட்டேன். மனிதர் பொறுமையாகத்தான் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். ஜன்னலுக்குத் திரை உண்டா என்று கேட்டதும் செல்வராஜண்ணன் பக்கம் திரும்பிவிட்டார்.

"ஏனுங்க, நான் மைக்கு வாங்க வந்தனுங்களா, வாடகைக்கு ஊடு பாக்க வந்தனுங்களா?"

குற்றம் சொல்லும் ஸ்பீக்கர்

கோபிசெட்டிபாளையத்துக் கீபோர்டுக்காரர் ஒருவர் கோயில் திருவிழாப் பாட்டுகளைப் பதிவு செய்து கொடுக்கிறவர். அவருக்கு ஸ்டுடியோ ஸ்பீக்கர் வேண்டியிருந்தது. வீட்டில் பாட்டுக் கேட்கிற ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இனிப்பாக்கித் தரும். ஸ்டுடியோ ஸ்பீக்கர் அப்படியில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லும். தாளம் பிசகினால் பிசகியது என்று சொல்லிவிடும். அவர் கொண்டுவந்த பென்டிரைவைப் போட்டுக் காட்டினேன். அவருடைய பாட்டிலிருந்த இரைச்சல், இடறல் எல்லாம் கடை முழுக்கக் கேட்டது. மனைவியும் கூட வந்திருந்தார். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேபிள்களைப் பார்க்கப் போய்விட்டார்.

"இதுதாங்க இதோட வேலை. தப்பைக் காட்டிக் குடுத்தாத்தான் நீங்க திருத்த முடியும்" என்றேன்.

கீபோர்டுக்காரர் கேபிள் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "குத்தம் சொல்றதுக்கு ஊட்டுலயே ஆளிருக்குதுங்க அம்மணி. அதுக்குத் தனியா ஸ்பீக்கர் வேற வாங்கோணுமுங்களா?"

சத்தமே இல்லாத வீடு

இவர்களெல்லாம் போகட்டும். என் தூக்கத்தைக் கெடுத்தது சோமனூர்த் தம்பதிதான்.

சுகந்தி கல்யாணத்துக்கு முன்பு ஆர்கெஸ்ட்ராவில் பாடிக்கொண்டிருந்தவள். அப்புறம் வீடு, பிள்ளை என்று மேடை போயே போய்விட்டது. இப்போது சென்னையில் குழந்தைகளுக்குப் பாட்டு தயாரிக்கும் ஒரு கம்பெனி அவளுடைய பழைய கச்சேரி வீடியோவைப் பார்த்துக் கூப்பிட்டிருக்கிறது. வீட்டிலேயே பதிவு செய்து ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். பிடித்துப்போனால் மாதாமாதம் இரண்டு மூன்று பாட்டு, எல்லாம் வீட்டிலிருந்தே. "இதையும் உட்டுட்டா இனி என்னையப் பாடுன்னு யாருங்க கூப்புடப் போறாங்க?" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

வழக்கம்போல அறையைப் பற்றி விசாரித்தேன். மெத்தை, திரை எல்லாம் இருக்கிறதாம். வெளிச்சத்தம் வருமா என்றதற்கு அவள் கணவர் குமரேசன் முந்திக்கொண்டு பதில் சொன்னார். அதை நம்பி, மூச்சு விடுவதைக்கூடப் பிடிக்கிற கன்டென்சர் மைக் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவர் சொன்ன பதில் இது:

"எங்க ஊட்டுல ஒரு சத்தமும் இருக்காதுங்க. ஒறம்பரை சனம் நாலு பேரு வந்தாத்தான் சத்தமே."

நாலாவது தறி

அடுத்த வாரம் திங்கட்கிழமை இரண்டு பேரும் மைக்கோடு திரும்பி வந்துவிட்டார்கள். மைக்கில் கோளாறாம், உள்ளுக்குள் ஏதோ 'கடகட' என்கிறதாம். கடையில் மாட்டிப் பார்த்தோம். மைக் தங்கமாக வேலை செய்தது. அவர்கள் வீட்டில் பதிவு செய்ததைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டேன். சுகந்தியின் குரல் எங்கோ அடியில் இருந்தது. மேலே ஒரு விசைத்தறிப் பட்டறையே ஓடிக்கொண்டிருந்தது!

விஷயம் இதுதான். வீட்டை ஒட்டி அவர்களுடைய தறிக்கூடம். பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அந்தச் சத்தம் அவர்கள் காதுக்குச் சத்தமாகவே தெரியவில்லை. உங்கள் தறியை நிறுத்தினால் போதாதா என்றேன். பக்கத்து வீடு, எதிர் வீடு, பின் தெரு, எல்லாமே தறி. ராப்பகலாக ஓடும் என்றாள் சுகந்தி. சொல்லும்போதே முகம் சுண்டிவிட்டது. பாட்டை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். கோவையில் ஸ்டுடியோ எடுத்துப் பாடினால் ஒரு பாட்டு அனுப்பலாம். மாதாமாதம் யார் வருவது?

குமரேசன் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பதிவை இன்னொரு தரம் போடச் சொன்னார். போட்டேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நாலாவது தறியில நாடாவைத் தள்ளற பிக்கர் லூசாயிருச்சுங்க. ஏனுங்க, இந்த மைக்கை நாங்க ரிப்பேர் பாக்கறதுக்கே வெச்சுக்கலாமுங்களா?"

நாளைய மின்தடை

செல்வராஜண்ணனுக்குக் காலையில் பேப்பர் வந்ததும் தலைப்புச் செய்தி வேண்டாம். நாளைக்கு எங்கெங்கே கரண்டு இருக்காது என்ற பெட்டிச் செய்தியைத்தான் முதலில் சத்தமாக வாசிப்பார். புதன்கிழமையும் வாசித்தார். பராமரிப்புப் பணிக்காக மாதம் ஒரு நாள் பகல் முழுக்க நிறுத்துவார்களே, அந்தப் பட்டியலில் வியாழக்கிழமைக்குச் சோமனூர் இருந்தது. நான் துள்ளி எழுந்துவிட்டேன். கரண்டு இல்லையென்றால் ஊரில் ஒரு தறிகூட ஓடாது. மைக்குக்கு வேண்டிய கரண்டை அதோடு இணைக்கிற சின்னப் பெட்டி கொடுத்துவிடும். பெட்டிக்கு லேப்டாப் கொடுத்துவிடும். லேப்டாப்பை முந்தின நாளே சார்ஜ் ஏற்றி வைத்தால் தீர்ந்தது. பாட்டு மாதாமாதம்தானே, மின்தடையும் மாதாமாதம்தானே!

வியாழக்கிழமை கடை லேப்டாப்பையும் உபரியாகத் தூக்கிக்கொண்டு நானே பஸ் ஏறினேன். ஒன்பது மணிக்குத் தெருவே சட்டென்று அடங்கியது. காக்கை கத்துவது கேட்டது. சுகந்தி மைக் முன்னால் நின்று மூச்சை இழுத்தாள். எதிர் வீட்டில் டீசல் ஜெனரேட்டர் கிளம்பியது. அவசர ஆர்டராம். சுகந்தி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குமரேசன் செருப்புக்கூடப் போடாமல் எதிர் வீட்டுக்கு ஓடினார். அங்கே என்ன பேசினாரோ, கொஞ்ச நேரத்தில் ஜெனரேட்டர் நின்றது. எதிர் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து இங்கே பார்த்துக் கத்தினார். இத்தனை நல்ல கத்தலை நான் கேட்டதே இல்லை.

"நீ பாடு கண்ணு. மத்தியானம் வரைக்கும் துணி நெய்யாட்டி ஒண்ணும் குடி முழுகிப் போகாது!"

முழுப் பாட்டு

பாடினாள். ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது பாட்டுக்காகவா, நான் விற்ற மைக் பிழைத்துக்கொண்டதற்காகவா என்று இன்றுவரை தெரியாது. பாட்டு வெள்ளிக்கிழமை போனது. அடுத்த வாரமே பதில் வந்துவிட்டது. பிடித்திருக்கிறது, மேற்கொண்டு பாட்டுகள் அனுப்புகிறோம் என்று. அப்பாடா!

இருவரும் ஒரு டப்பா மைசூர்பாகோடு கடைக்கு வந்தார்கள். மின்தடை நாள் என்றால் தறிக்காரர்கள் எண்ணெய் போட்டு, கழற்றி மாட்டிப் பழுது பார்ப்பார்கள். பாட்டுப் பதிவு செய்த அன்றைக்குக் குமரேசன் ஒரு வேலையும் பார்க்காமல் பாட்டு முடியும் மட்டும் கதவோரம் சுவரில் சாய்ந்து நின்றார். அந்த நாலாவது தறியைக்கூடவா மறந்துவிட்டீர்கள் என்று கேலியாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. சுகந்தியை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்:

"கண்ணாலமான நாள்ல இருந்து இவ ஊட்டுல பாடிக்கிட்டேதானுங்க இருக்கறா. வாய் அசையறதைப் பாத்திருக்கறனுங்க. பாட்டை அன்னைக்குத்தானுங்க கேட்டேன்."

இப்போதெல்லாம் நல்ல மைக் எது என்று கடைக்கு யார் வந்து கேட்டாலும், அறையைப் பற்றி விசாரிப்பதற்கு முன்பே, "உங்க ஊர்ல என்னைக்குங்க கரண்டு போகும்?" என்று கேட்டுவிடுகிறேன்.