மெஹ்ருன்னிசாவின் கோழிகளுக்கு ஓர் இடம்

1981-ஆம் வருஷம் ஆடி முதல் வெள்ளிக்கிழமை காலையில், மெஹ்ருன்னிசா பதினாறு கோழிகளை நாலு கூடைகளில் அடைத்து மாட்டு வண்டியில் ஏற்றி, இருபது வருஷம் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்தாள். வீட்டுக்காரர் ராமகிருஷ்ணன் வாசல்வரை வந்தார். அவர் மாடி கட்டப்போகிறார்.

"உம்மேல எனக்குக் கோபம் எதுவும் இல்லம்மா. கோழிங்க மேலயும் இல்ல. சிமெண்ட்டு மூட்டையெல்லாம் எச்சமா கெடக்குது, அதான்."

கோபமே இல்லாதவர் எதற்குக் காலி பண்ணச் சொன்னார் என்று வண்டி தேரடியைத் தாண்டியும் அவளுக்கு விளங்கவில்லை.

புருஷன் போன பிறகு அவளுக்குக் கோழிதான் சோறு போட்டது. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இரண்டு மிலிட்டரி ஓட்டல்கள் அவளிடம்தான் முட்டை வாங்கின. இப்போது கோழிகளும் அவளும் வேங்கிக்காலில் அண்ணன் மதார் சாகிப் வீட்டுக் கொல்லைக்கு வந்து சேர்ந்தார்கள். அண்ணன் தகரப்பெட்டி செய்கிறவர். கொல்லை பூராவும் தகரம். கோழி அதன்மேல் நடந்தால் வீட்டுக்குள் மழை பெய்கிற மாதிரி கேட்கும். அண்ணி அஜ்மத் பேகம் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தாள்.

"மெஹ்ரு, உனக்கு இடமில்லேனு நான் சொல்லுவேனா? கோழிக்குத்தான் சொல்றேன்."

"கோழி இல்லாம எனக்கு மட்டும் எதுக்கு பாபி இடம்?"

அன்றிலிருந்து ஊருக்கு வெளியே கோழி வளர்க்கத் தோதாக ஒரு துண்டு நிலம் தேட ஆரம்பித்தாள். ஏரிப் பக்கம் ஓரிடம் பார்த்தாள். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்குமா என்று கேட்டதற்கு ஒருத்தர் "நிக்காது" என்றார், இன்னொருத்தர் "நிக்கும், ஆனா போயிடும்" என்றார். வேறோர் இடத்தில் பக்கத்து நிலம் முழுக்க மல்லாட்டை விதைத்திருந்தார்கள். "கோழி வந்து வெதையக் கெளறும். கட்டிப்போட்டு வளக்கறதுன்னா வளத்துக்கோ" என்று சொல்லிவிட்டார்கள். பதினாறு கோழியை எப்படிக் கட்டிப்போடுவது என்று வீடு வரும்வரை நிஜமாகவே யோசித்துக்கொண்டு வந்தாள்.

புரட்டாசியில் செங்கம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி பாஞ்சாலையின் இடம் கண்ணில் பட்டது. பாஞ்சாலை தனியாகப் பயிர் வைக்கிறவள். வாடகைக்கு விட அவளிடம் பதினைந்து சென்ட் இருந்தது. மேட்டு நிலம். கிளுவை வேலி, கிணறு, நல்ல நிழலாக இரண்டு புங்கமரம். மூலையில் குங்குமம் வைத்த மூன்று கல்.

"எங்க முனியப்பன். யாரையும் ஒண்ணும் பண்ணமாட்டாரு" என்றாள் பாஞ்சாலை.

மெஹ்ருன்னிசா உடனே சரியென்று சொல்லவில்லை. "ரெண்டு மாசம் மூணு கோழிய விட்டுப் பாக்கறேன் அக்கா. கீரி வருதா, பாம்பு வருதானு மனுஷங்க உண்மையச் சொல்லமாட்டாங்க. கோழி சொல்லிடும்."

வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்தாள். மூன்றும் கொழுத்துத் திரிந்தன. கூடவே இரண்டு பெரிய சேவல்கள். பாஞ்சாலையின் சேவல்கள் என்று எண்ணிக்கொண்டாள். ஒரு கோழி வேலியோரம் முட்டையிட்டு, அங்கேயே அடையும் உட்கார்ந்து ஒன்பது குஞ்சு பொரித்தது. இதற்குமேல் என்ன பார்ப்பது? இடத்தைப் பேசி முடித்துவிட்டு அண்ணிக்கு நாலு குஞ்சு கொண்டுபோகலாம் என்று கூடையோடு வந்தாள். முதல் குஞ்சைப் பிடிக்கும்போதே முனியப்பனுக்குப் பூசை வைக்கும் அப்பாசாமி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தார்.

"பாயம்மா, கூடைய எறக்கு. யாரு குஞ்சு அது?"

"என் கோழி பொரிச்சதுண்ணே."

"தாயி உன்னுது. தகப்பன் யாரு?"

அப்பாசாமி புங்கமரத்தடியில் நின்ற சேவல்களைக் காட்டினார்.

"சேவல் ரெண்டும் முனியப்பனுக்கு நேந்து விட்டது. அப்ப குஞ்சு யாருக்குச் சேரும்?"

மெஹ்ருன்னிசா பாஞ்சாலையைத் திரும்பிப் பார்த்தாள். "உங்க சேவல்னுல்ல அக்கா நெனச்சேன்!"

"இம்மாம் பெரிய சேவலு ரெண்டு வருஷமா கொழம்புக்குப் போவாம திரியுதே, அதுலயே தெரிஞ்சிருக்க வேணாமா?"

"சரி, பொட்டைங்க மூணும் என்னுதுதானே? அதையாவது எடுத்துட்டுப் போறேன்."

"பொட்டை உன்னுதுதான்" என்றார் அப்பாசாமி நியாயமாக. "அது வயித்துல இருக்கற முட்டை?"

மெஹ்ருன்னிசா பிடித்த குஞ்சைக் கீழே விட்டாள்.

"அப்ப இடம்?"

"அவுரு காவல்ல இருக்கற இடம். அவரைத்தான் கேக்கணும்."

அடுத்த வெள்ளிக்கிழமை சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கல்லின் முன்னால் வைத்தார்கள். பக்கத்து நிலத்து ஜோதியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். பிரித்தால் வெள்ளை.

"குடுத்துட்டாரு!" என்றாள் பாஞ்சாலை.

"வெள்ளைனா வேணாம்னு அர்த்தம்" என்றார் அப்பாசாமி.

எது வந்தால் என்ன என்று முன்கூட்டியே பேசி வைக்க எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். இன்னொரு தடவை கேட்கலாமே என்றால், ஒரே சங்கதியை ஒரே வருஷத்தில் இரண்டு முறை கேட்டால் முனியப்பனுக்குக் கோபம் வருமாம்.

மூன்று கோழிகளையும் அங்கேயே விட்டுவிட்டு, வெறும் கூடையோடு வீடு திரும்பினாள்.

"இடம் கெடைச்சுதா இல்லியா?" என்று கேட்டார் மதார் சாகிப்.

"தெரியலண்ணா."

"தெரியலன்னா என்ன அர்த்தம்?"

"அவங்களுக்கும் தெரியல."

மறு வருஷம் அப்பாசாமி காலை முறித்துக்கொண்டு படுத்துவிட்டார். அதற்கடுத்த வருஷம் மழையில்லை, பூசையும் இல்லை. அப்புறம் ஊருக்குள் இரண்டு கட்சி. மெஹ்ருன்னிசா வேறு இடங்களையும் போய்ப் பார்த்தாள். ஆனால் முடிவாகப் பேசவேண்டிய நேரத்தில், பாஞ்சாலை இடத்தில் யாரும் இன்னும் இல்லையென்று சொல்லவில்லையே என்று மனசு பின்வாங்கும். தகரத்தின்மேல் நடந்த கோழிகள் பதின்மூன்றிலிருந்து ஏழாகின. இரண்டு ஓட்டலில் ஒன்று பண்ணை முட்டைக்கு மாறிவிட்டது. அஜ்மத் பேகம் பேசுவதையும் குறைத்துக்கொண்டாள்.

1986 மாசியில் ஒரு கார்டு வந்தது. யாரையோ விட்டு எழுதச் சொல்லியிருந்தாள் பாஞ்சாலை.

"பாயம்மாவுக்கு பாஞ்சாலை எழுதிக்கொண்டது. இங்கு எல்லாரும் சவுக்கியம். போன வெள்ளிக்கிழமை பூ கட்டினோம். சிவப்புனா உனக்குனு மொதல்லயே பேசி வெச்சோம். சிவப்புதான் வந்துச்சு. அப்பாசாமியும் ஒத்துக்கிட்டாரு. இடம் உனக்குத்தான், கோழிங்கள எடுத்துக்கிட்டு சீக்கிரம் வா. குஞ்சு யாருதுன்னு கேக்க மறந்துட்டோம். அத அடுத்த வருஷம் கேக்கலாம். இப்ப நாப்பத்திமூணு இருக்கு."