வெர்லின் ஸ்டக்கி வாங்கிய கார்புரேட்டர்

மத்தியானம் மூன்று மணி ஆனால் நோரீனுக்கு வீட்டுக்குப் போக வேண்டும். இருப்பது அவள் வீட்டில்தான். இண்டியானாவில், சோளக்காட்டை ஒட்டிய அதே வீட்டில் முப்பத்தெட்டு வருஷமாக இருக்கிறாள். மறதி நோய் வந்த பிறகு அந்த வீடு அவளுக்கு வேறு யாருடையதோ ஆகிவிட்டது. கோட்டை மாட்டி, கைப்பையைத் தோளில் போட்டு, வாசல் கதவைப் பிடித்து இழுப்பாள். திறக்காவிட்டால் அழுவாள்.

அதற்கு அவள் புருஷன் வெர்லின் ஸ்டக்கி ஒரு வழி வைத்திருந்தார். அறுபத்தைந்தாம் வருஷத்து ஸ்டேஷன் வேகன் என்ற நீளமான குடும்பக் கார் ஒன்று அவர்களிடம் இருந்தது. அதன் முன்சீட்டில் உட்கார்ந்ததும் நோரீனின் அழுகை நின்றுவிடும். தானியக் கிடங்கு, ரயில் கேட், கல்லறைத் தோட்டம் என்று பன்னிரண்டு மைல் சுற்றி, புறப்பட்ட வாசலுக்கே வந்து, "வீட்டுக்கு வந்துட்டோம், நோரீன்" என்பார் வெர்லின்.

"அப்பாடா. எவ்வளவு நேரம்" என்று இறங்கி உள்ளே போய் அவளே கோட்டைக் கழற்றி மாட்டுவாள். ராத்திரி முழுக்க நிம்மதி.

அவருடைய பிக்கப் வண்டியில் இது நடக்காது. ஒருமுறை ஏற்றிப் பார்த்தார். "இது யாரோட வண்டி? இறக்கி விடுங்க" என்று கதவில் தட்டிக்கொண்டே வந்தாள்.

ஆகஸ்ட் மாதம் வேகனின் கார்புரேட்டர், என்ஜினுக்குக் காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் பாகம், செத்துப்போனது. மூன்று முறை பிரித்துச் சுத்தம் செய்து புது கேஸ்கெட் போட்டு ஓட்டியதுதான். இந்த முறை அதன் உடம்பே வளைந்திருந்தது. தண்டு நுழையும் துளை தேய்ந்து காற்றை இழுத்தது. பெட்ரோல் கசிந்து சூடான என்ஜின் மேல் சொட்டியது. அதில் நோரீனை ஏற்ற முடியாது.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டிய வெர்லின் தன் வண்டி வேலையை மற்றவரிடம் விட்டதில்லை. எது வேண்டும் என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். நான்கு வாய் உள்ள சின்ன கார்புரேட்டர். சாதாரணமாகப் போகும்போது இரண்டு வாய் மட்டும் மூச்சு விடும். வேகம் கேட்டால் மற்ற இரண்டும் தானாக, மெல்லத் திறக்கும். எட்டு சிலிண்டர் என்றாலும் சின்ன என்ஜின். நிமிஷத்துக்கு நானூற்றைம்பது கன அடி காற்று போதும். புதிதாக வாங்கினால் நானூறு டாலருக்கு மேல். பாதிக்குத்தான் அவரிடம் வழி இருந்தது.

செப்டம்பரில் கண்காட்சித் திடலில் பழைய பாகங்களின் சந்தை கூடியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நோரீனை மகள் டீனாவிடம் விட்டுவிட்டு, சினேகிதன் கிளைட் பெக்குடன் போனார். மூன்றாவது வரிசையிலேயே வேண்டியது கிடைத்தது. மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து பன்றிக்கறி சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு குண்டு மனிதன் அதை விற்றான்.

"இருநூத்தி இருபது" என்றான்.

"நூத்தி அறுபதுக்குக் கொடேன்."

"பத்து மணிக்கே அழ வைக்கறியே. சாப்பிட விடுப்பா."

வெர்லின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். "ஆட்டம் இல்லையே?"

"என் முழங்கால்ல இருக்கற ஆட்டம்கூட அதுல இல்ல."

உண்மைதான். நான்கு தொண்டையும் சுத்தமாக இருந்தன. பாக்கெட்டில் இருநூறு இருந்தது. நீட்டியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் அங்கே காலையில் யாரும் கேட்ட விலைக்கு வாங்குவதில்லை. ஞாயிறு மத்தியானம், கடைகளை மூட்டை கட்டும் நேரத்தில், திரும்ப வண்டியில் ஏற்றச் சோம்பல்பட்டே பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்காகவே வருகிறவர்கள் உண்டு. வெர்லின் அதில் பேர் எடுத்தவர்.

"இப்பவே காசை எடுத்தா நீ வெர்லினே இல்லடா" என்றான் கிளைட், அவர் கை பாக்கெட்டுக்குப் போவதைப் பார்த்து.

கை திரும்பி வந்தது. ஒன்றரை மணிக்குப் போனபோது மேஜையில் அந்த இடம் காலி.

"ஒரு புருஷன் பெண்டாட்டி வந்தாங்க. இருநூறுக்குக் கொடுத்தேன்" என்றான் விற்றவன்.

"இருநூறுக்கா?"

"நீ கேட்டிருந்தா உனக்கும் அதேதான்."

 வெர்லின் திடலை முழுதும் சுற்றினார். சின்னது வேறெங்கும் இல்லை. கடைசி வரிசையில் பளபளவென்று பெரியது ஒன்று, நூற்றைம்பது டாலருக்கு இருந்தது. எழுநூற்றைம்பது கன அடி.

"பள்ளிக்கூட பஸ் ஓட்டினவனுக்குப் பந்தயக் கார் ஆசை வந்துடுச்சு" என்றான் கிளைட்.

"பெட்ரோல் வர்ற ஜெட்டைச் சின்னதா மாத்திக்கலாம். காலை மெதுவா வச்சு ஓட்டினா போதும்."

"இதையே நான் சொல்லியிருந்தா என்னைத் திட்டியிருப்ப."

அது வெர்லினுக்கும் தெரியும். அகலமான குழாயை வாயில் வைத்து ஜூஸ் உறிஞ்சினால் காற்றுதான் வரும். பெரிய வாயை ஒரேயடியாகத் திறந்தால் சின்ன என்ஜினுக்கும் அதே கதி. ஆனால் நாளைக்கும் மூன்று மணி வரும். அவள் கதவை இழுப்பாள். வாங்கிவிட்டார்.

திங்கட்கிழமை மாட்டினார். வாசலில் நின்றபடி என்ஜின் அழகாகச் சுற்றியது. மூன்று மணிக்கு நோரீன் ஏறி உட்கார்ந்து, பையை மடியில் வைத்து, "இன்னைக்காவது கூட்டிட்டுப் போறீங்களே" என்றாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் சிரிப்பு.

தானியக் கிடங்கு அருகே பெரிய சாலையில் திரும்பும்போது எதிரே சோள லாரி வேகமாக வந்தது. வெர்லின் யோசிக்காமல் பெடலை அழுத்தினார். என்ஜின் மூச்சு முட்டியதுபோல் ஒரு நொடி செத்தது. உடனே என்ஜின் மூடிக்குக் கீழே துப்பாக்கி சுட்டதுபோல் வெடித்தது.

லாரி ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது. வெர்லின் ஓரம் கட்டுவதற்குள் நோரீன் கதவைத் திறந்து விழுந்து எழுந்து, சோயா வயலுக்குள் ஓடிக்கொண்டிருந்தாள். அவர் பின்னால் ஓடிப் பிடித்தபோது கைப்பையால் அவர் முகத்தில் அடித்தாள். ஒன்றரை மைலும் நடத்தித்தான் வீட்டுக்குக் கூட்டி வந்தார்.

மறுவாரமே மீன்பிடிப் படகை விற்றார். அந்தக் காசில் புதிதாகச் சின்ன கார்புரேட்டர் வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து அதைச் சரிபார்த்தார். பெடலை எப்படி அழுத்தினாலும் என்ஜின் இழுத்துக்கொண்டு போனது, சத்தம்கூட இல்லாமல். தனியாகப் பன்னிரண்டு மைலும் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

மூன்று மணிக்குக் கோட்டோடு நின்றாள் நோரீன். வெர்லின் வண்டிக் கதவைத் திறந்தார். அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அது சுடும்."

"சுடாது நோரீன். சரி பண்ணிட்டேன்."

"உங்களுக்குத் தெரியாது. அது சுடும். நீங்களும் ஏறாதீங்க."

காலையில் சாப்பிட்டது அவளுக்கு நினைவில்லை. டீனாவின் பேர் போய்விட்டது. அவர் பேரும் போய்க்கொண்டிருந்தது. அந்த ஒரு வெடி மட்டும் தங்கிவிட்டது.

தினமும் முயன்றார். என்ஜினை நிறுத்திவிட்டு வண்டியைக் கையால் தள்ளி வாசலுக்குக் கொண்டுவந்தார். அவளுக்குப் பிடித்த ஆப்பிள் கேக் ஒன்றைச் சுட்டு முன்சீட்டில் வைத்தார். படியைத் தாண்ட அவள் சம்மதிக்கவில்லை. ஒருநாள் அவர் அவள் முழங்கையைப் பிடித்துக் கொஞ்சம் இழுத்தார். அவள் போட்ட சத்தத்தில் விட்டுவிட்டார். பிறகு அதுபோல் செய்யவில்லை.

நவம்பரில் பனி விழுந்து சாலையில் உப்புத் தூவினார்கள். உப்பு பட்டால் இரும்பு அரித்துவிடும். பழைய வண்டிக்காரர்கள் அதற்கப்புறம் வசந்தம் வரை வெளியே எடுப்பதில்லை. வெர்லின் வேகனைக் கொட்டகைக்குள் விட்டு, பேட்டரியைக் கழற்றி, துணியைப் போர்த்தினார்.

டிசம்பரில் நோரீன் திறக்காத வாசல் கதவின் கண்ணாடியைக் கையால் உடைத்தாள். பதினோரு தையல். அதற்கப்புறம் வெர்லின் சொன்னதை டீனா கேட்கவில்லை. தன் காரில் அம்மாவை ஏற்றி டவுனில் உள்ள முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குக் கூட்டிப் போனாள். வெர்லின் பின்சீட்டில் நோரீனின் பக்கத்தில் உட்கார்ந்து போனார்.

தினமும் இரண்டரைக்கெல்லாம் அங்கே போய்விடுவார். மூன்று மணிக்கு அவள் கோட்டை மாட்டுவாள். முதல் வாரத்தில் ஒருநாள் அவர் பக்கம் திரும்பி, புது ஆளிடம் பேசுவதுபோல் மெதுவாகக் கேட்டாள்.

"நான் வீட்டுக்குப் போகணும். உங்ககிட்ட வண்டி இருக்கா?"

வெர்லின் அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தார்.

"இல்லம்மா" என்றார். "என்கிட்ட வண்டி இல்ல."