அலுமாரியில் வைத்த கல் உப்பு

போன மழைக்காலத்தில், அம்பிட்டியவில் எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்போது நான் பல்கலைக்கழகத்தில் உப்பை விரும்பும் நுண்ணுயிர்களைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருந்தேன். மற்ற உயிர்கள் தாங்காத உப்பளத்தில் இவை சுகமாக வாழ்ந்து, தண்ணீரையே இளஞ்சிவப்பாக்கிவிடும். அதற்கு அவற்றின் மரபணுக்களில் அப்படி என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் என் வேலை.

மழை தொடங்குமுன் புத்தளத்து உப்பளத்தில் அள்ளி வந்த உப்பில் பெரும்பங்கை, அதற்குள் இருக்கும் உயிர்களை வளர்க்க ஆய்வுகூடத்தில் குப்பிகளில் போட்டேன். எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சின்னப் பொட்டலத்தை வீட்டு அலுமாரியில் வைத்தேன். வெயிலில் அலைந்ததில் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன்.

எழுந்து போய்ப் பார்த்தால், ஆய்வுகூடத்தில் வளர்ப்புப் பெட்டி பழுதாகிச் சூடேறி, குப்பிகள் எல்லாம் வெந்து கிடந்தன. மறுபடி புத்தளம் போகலாம் என்றால், மழையில் உப்பளமே வெள்ளத்துக்குள். மிச்சம் அந்தப் பொட்டலம்தான். வீட்டுக்கு ஓடிவந்து அலுமாரியைத் திறந்தேன். காணவில்லை.

"அந்தக் கல் உப்பா?" என்றார் அம்மா. "காய்ச்சல்ல கெடந்தியே, கண்ணு பட்டிருக்கும்னு சுத்திப் போட்டேன். வீட்டுல தூள் உப்புதான் இருந்துச்சு. அதுக்குக் கல் உப்புல்ல வேணும்."

"தண்ணியில கரைச்சிட்டீங்களா?" என்று கேட்டேன். வெறும் தண்ணீரில் போட்டால் இந்த உயிர்கள் வெடித்துச் செத்துவிடும்.

"இல்ல, நெருப்புல போடணும். நம்ம வீட்டுல கேஸ் அடுப்பு. பக்கத்து வீட்டு அக்காகிட்ட, விறகடுப்பு மூட்டுறப்போ போடச் சொல்லிக் குடுத்தேன்."

செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். "மழைக்கு விறகு எங்க காயுது? நானும் கேஸ்லதான் சமைக்கிறேன்" என்று சலித்துக்கொண்டே அந்த அக்கா அடுப்பு மேட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்து நீட்டினார். உள்ளே காய்ந்த மிளகாயோடு என் உப்பு அப்படியே இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

அம்மாவுக்கோ பயம். சுற்றிப் போட்டதைத் திருப்பி எடுக்கக் கூடாதாம். கேட்டைத் தாண்டி உள்ளே கொண்டுவரவே விடவில்லை. ஆய்வுகூடத்தில் நடந்ததை எல்லாம் விளக்கிச் சொன்னதும் அவர் முகம் வெளிறிவிட்டது. "அப்படியே கெம்பஸுக்குக் கொண்டு போ" என்று மட்டும் சொன்னார்.

மிளகாயைப் பொறுக்கி எறிந்துவிட்டு, உப்பை மறுபடி வளர்க்கப் போட்டேன். மிளகாயோடு வந்த கிருமிகள் எதுவும் அத்தனை உப்பில் தலைதூக்கவில்லை. சில வாரங்களில் குப்பி இளஞ்சிவப்பானது. அம்மாவுக்குத்தான் முதலில் போன் செய்தேன். "இத்தனை நாளா எனக்குச் சோறே எறங்கல புள்ள" என்றார்.

அந்த உப்பு எரிந்து போயிருந்தாலும் நான் வேறு ஏதாவது ஓர் ஆய்வைச் செய்து முடித்திருப்பேன். ஆனால் என் காய்ச்சல் போகட்டும் என்று சுற்றிய கையாலேயே பிள்ளையின் படிப்பைக் கெடுத்துவிட்டோம் என்ற நினைப்பிலிருந்து அம்மாவை என்னால் ஒருநாளும் மீட்டிருக்க முடியாது என்பதை எண்ணும்போதுதான், ஈர விறகுக்கு இன்றும் மனதுக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறேன்.