செண்பகத்தக்கா பிய்த்த ஒட்டுக் காகிதம்

செண்பகத்தக்கா போய்விட்ட செய்தி வெள்ளிக்கிழமை காலையில் வந்தது. நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவளுடைய தம்பி மனைவி பார்வதி பின்வாசல் வழியாக வந்து நின்று, "மதினி எந்திரிக்கல, கோமதியக்கா" என்றாள். "விடிஞ்சு இவ்வளவு நேரமாச்சே, எழுப்புறதுதானே" என்றேன். அவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. களைந்த அரிசியை உலையில் போட்டு மூடினேன். கையைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் நடந்தேன். மூன்று வீடு தள்ளித்தான். அந்த வாசற்படியை நான் மிதித்துப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது.

நம் மாதர் சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையில் அவளைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது, நான் எழுதுகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். ஆரியசாலையில் அவள் காகிதத்தில் வெட்டிக் கொடுத்த அளவில் ரவிக்கை தைத்துப் போடாத பெண் இல்லை. அதற்காக எழுதவேண்டும் என்றால் உங்களில் யாரும் எழுதலாம். நான் எழுதுவதற்குக் காரணம் வேறு. அன்று அவளைக் கிடத்தியிருந்தபோது அவள் உடம்பில் நீங்கள் பார்த்த ரவிக்கையின் கழுத்தைக் கீழே இறக்கி வெட்டியவள் நான். 'செத்த பிறகும் விடாமல் கோமதி பழி தீர்த்துக்கொண்டாள்' என்று நீங்கள் பேசியது என் காதுக்கு வந்துவிட்டது. யார் சொன்னது என்பதும் வந்தது.

குளிப்பாட்டும்போது அவள் கை விறைத்திருந்ததால் ரவிக்கையைக் கழற்ற முடியவில்லை. கத்தரிக்கோலை வாங்கிக் கழுத்திலிருந்து கீழே வெட்டினேன். அவள் ரவிக்கைக் கழுத்து எப்போதும் தொண்டைக்குழி வரைக்கும் மூடியிருக்கும், உங்களுக்குத் தெரியும். துணியை இரண்டு பக்கமும் விலக்கியபோது, தொண்டைக்குழிக்குக் கீழே நெஞ்சு வரைக்கும் தோல் வெளுத்திருந்தது. சுண்ணாம்பை அள்ளிப் பூசினதுபோல் ஓரம் வளைந்து வளைந்து இருந்தது. பார்வதி தண்ணீரை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டாம். மூடித் தைச்சுப் போட்டுக் கட்டிக் கொடுத்துட்டாங்க. மூணாம் மாசம் கட்டினவன் கூட்டிட்டு வந்து விட்டுட்டுப் போயிட்டான். எங்க வீட்டுக்காரவுகளுக்கும் எனக்கும் மட்டுந்தான் தெரியும்."

மாமியாரோடு ஒத்துப்போகாமல் வந்துவிட்டவள் என்றுதான் நாம் எல்லோரும் பேசிக்கொண்டிருந்தோம். நானும்தான்.

நான் கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் அவளை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதைச் சொல்கிறேன். பாளையங்கோட்டையில் எங்கள் அம்மா தைப்பதைப் பார்த்திருக்கிறேனே, எனக்கென்ன தெரியாது என்று நினைத்து, ஒரு நல்ல சீட்டித் துணியை நாலாக மடித்து, கழுத்தை ஒரே வெட்டாக வெட்டிவிட்டேன். முன்கழுத்து இறக்கம் வேறு, பின்கழுத்து இறக்கம் வேறு என்பது தெரியவில்லை. நாலு மடிப்பிலும் முன்கழுத்து ஆழமே விழுந்துவிட்டது. தைத்துப் போட்டால் இரண்டு தோளிலும் நிற்காமல் வழிந்து முழங்கைக்கு வந்தது. கிணற்றடியில் அதைப் பார்த்துவிட்டுச் செண்பகத்தக்கா உட்கார்ந்துகொண்டு சிரித்தாள்.

"ஏளா, இதுக்குள்ள நீ மட்டுமா போகப்போறே? உம் மாமியாளையும் கூப்பிட்டுக்கோ, ரெண்டு பேரும் இறங்கலாம்."

எனக்கு அழுகை வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்து துணியைப் பிடுங்கிக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்தது. பின்கழுத்தில் பிறைபோல ஒரு துண்டு வைத்து, கோடு தெரியாமல் தைத்திருந்தாள். "முதல்ல காகிதத்துல வெட்டு. காகிதம் உன்னைச் சபிக்காது" என்றாள். "கழுத்து சின்னதாப் போனா இன்னொரு விரல் வெட்டிக்கலாம். பெருசாப் போனா ஆகாசத்தையா கொண்டுவந்து ஒட்டுவே?" அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. துண்டு வைத்ததையும் மறக்கவில்லை.

அவள் வேலை செய்கிற விதம் உங்களுக்குத் தெரியும் என்றாலும் எழுதி வைக்கிறேன். பழைய செய்தித்தாளில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று வெட்டுவாள். டேப்பு பிடிக்கமாட்டாள், விரற்கடைதான். காகிதத்தை நம் மேலேயே வைத்துப் பார்ப்பாள். கழுத்து நெஞ்சில் ஒட்டாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றால், அந்த இடத்தில் காகிதத்தை ஒரு நெல் அகலம் கிள்ளி மடித்து ஊசி குத்துவாள். மடிப்பு கீழே போகப்போகக் குறுகி ஒன்றுமில்லாமல் போய்விடும். கழுத்தை ஏற்றவேண்டும் என்றால் சோற்றுப் பருக்கையைத் தேய்த்து ஒரு துண்டுக் காகிதத்தை மேலே ஒட்டி, புது வளைவு வரைவாள். எதைச் செய்தாலும், "குனி" என்பாள். "நிமிந்து நிக்கும்போது எல்லாக் கழுத்தும் யோக்கியந்தான். குனிஞ்சாத்தான் அதோட குணம் தெரியும்."

என் மகள் சிவகாமிக்கு ஆறு வயதில் கஞ்சி வடிக்கும்போது பானை சரிந்து கழுத்துக்குக் கீழே கொட்டிவிட்டது. வலது பக்கம் தோள் எலும்புக்கு அடியில் ஒரு உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சுருங்கி நின்றுவிட்டது. வடித்தது நான். அதனால் அவளைப் பெண் பார்க்கத் தென்காசியிலிருந்து வருகிறார்கள் என்று கடிதம் வந்ததும் முதல் காரியமாகச் செண்பகத்தக்காவிடம் போனேன். கழுத்து இரண்டு விரற்கடை ஏறவேண்டும், தழும்பு வெளியே தெரியக்கூடாது என்றேன். அவள் சிவகாமியின் பழைய காகிதத்தை எடுத்து, என் கண் முன்னால் துண்டு ஒட்டி வளைவு வரைந்தாள். நான் விரல் வைத்துப் பார்த்தேன். சரியாக இரண்டு. துணியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ரவிக்கை அன்று காலையில்தான் வந்தது. அவர்கள் தம்பானூரில் ரயில் இறங்கிவிட்டார்கள் என்று ஆள் வந்து சொல்லியாகிவிட்டது. போட்டுப் பார்க்க நேரமில்லை. காகிதத்தைப் பார்த்தவள்தானே என்ற தைரியத்தில் நான் அடுப்படியில் நின்றுவிட்டேன். சிவகாமி உடுத்திக்கொண்டு வந்து பெரியவர்களை விழுந்து கும்பிட்டாள். குனிந்ததில் சேலை விலகியது. எழுந்தபோது தழும்பு முழுக்க வெளியே இருந்தது. பையனின் அம்மா, "இது என்னம்மா?" என்று கேட்டாள். "கஞ்சி கொட்டினது. சின்னதுல" என்றாள் சிவகாமி. அந்த அம்மாள் தலையை ஆட்டினாள். காபியை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள். மறுவாரம் ஜாதகம் பொருந்தவில்லை என்று கார்டு வந்தது. அந்த ஜாதகத்தை அவர்களே பார்த்துப் பொருத்தம் சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தார்கள்.

கார்டு வந்த அன்று ரவிக்கையை எடுத்துக்கொண்டு போனேன்.

"காகிதத்துல ஒட்டின துண்டு எங்கே?"

"பிச்சுட்டேன்."

"யாரைக் கேட்டுப் பிச்சே?"

"யாரையும் கேக்கல. தாலி ஏறினதுக்கப்புறம் பாக்கறதை இப்பவே பாக்கட்டுமே. பாத்துட்டுப் போறவன் இப்பவே போகட்டும்."

"பிள்ளை பெத்தவளுக்கல்லவா அந்த வயித்தெரிச்சல் தெரியும்? வாழாவெட்டிக்கு என்ன தெரியும்?"

இதைச் சொன்னவள் நான். மற்றவர்கள் பேச்சை ஞாபகம் வைத்திருக்கிறவள், என் பேச்சை மட்டும் மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். அவள் விரலில் மாட்டியிருந்த தையல் கூட்டைக் கழற்றிக் கீழே வைத்தாள். "மதி, கோமதி. மதி" என்றாள். போதும் என்பதை அவள் மலையாளத்தில்தான் சொல்லுவாள். அவள் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

அப்புறம் பதினொரு வருஷம். பேச்சு இல்லையே தவிர ரவிக்கை இல்லாமல் இருக்க முடியுமா? எனக்குக் காகிதம் வெட்ட வராது. துணியைப் பார்வதியிடம் கொடுத்துவிடுவேன். காகிதமும் துணியும் வெட்டி வரும். கழுத்து நான் கேட்டதைவிட ஒரு விரல் இறங்கியிருக்கும். நான் காகிதத்தில் சோற்றுப் பசை தடவித் துண்டு ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அடுத்த தடவை அதே காகிதம் துண்டு பிய்க்கப்பட்டு வரும். பசை இருந்த இடம் மட்டும் மொரமொரவென்றிருக்கும். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் என்ன அஞ்சல் ஓட்டக்காரியா?" என்று பார்வதி கேட்பாள். "அவகிட்டச் சொல்லு" என்பேன். "என்ன சொல்ல?" என்பாள். "ஒண்ணும் சொல்லாதே" என்பேன்.

சிவகாமிக்கு இரண்டு வருஷம் கழித்து இடம் அமைந்தது. கரமனையில் குடியிருக்கிற குமாஸ்தாப் பையன். அந்தத் தடவை ரவிக்கையைச் சாலைக் கடைவீதியில் ஒரு தையற்காரனிடம் கொடுத்து, தொண்டை வரைக்கும் மூடித் தைத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் தழும்பைப் பார்த்துவிட்டு, "இப்பவும் வலிக்குமா?" என்று மட்டும் கேட்டாராம். ஆகவே நான் செய்ததுதான் சரி என்று இந்தத் தெரு முழுக்கச் சொன்னேன். செண்பகத்தக்காவின் காதில் விழவேண்டும் என்றே உரக்கச் சொன்னேன். மறைத்துக் கட்டிக் கொடுத்த என் மகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறைத்துக் கட்டிக் கொடுத்த அவளுக்கு ஆகியிருக்கிறது. அது எனக்குத் தெரியாது. அவள் சன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் எனக்குக் கழுத்தில் கழலை வந்தது. மூடிய கழுத்து இறுக்கியது. நான் யாரிடமும் சொல்லவில்லை. அந்த ஐப்பசியில் துணி கொடுத்தபோது, காகிதத்தின் கழுத்தில் முன்பக்கம் நடுவில் ஒரு திறப்பு வெட்டி, இரண்டு ஓரமும் அகலம் கூட்டி வந்தது. துணியிலும் அப்படியே வெட்டியிருந்தது. கோயிலில் என்னைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறாள் போலும். தைத்துப் போட்டேன். மூச்சு சுகமாக வந்தது. பார்வதி, "எப்படியிருக்குன்னு மதினி கேட்டாங்க" என்றாள். "வெறுதே வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு" என்றேன். அந்த ஒரு காகிதத்தில் மட்டும் நான் எதையும் ஒட்டவில்லை.

இனி அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். துணிக்குப் பங்கீடு வந்துவிட்ட காலம். அவள் தம்பி சாலையில் அலைந்து கோடிச் சேலை ஒன்று வாங்கி வந்தார், ரவிக்கைத் துணி கிடைக்கவில்லை. கொடியில் கிடந்த அவளுடைய பழைய ரவிக்கை ஒன்றை எடுத்து, முதுகுப் பக்கம் பிளந்து, முன்னாலிருந்து மாட்டினேன். கழுத்து தொண்டைக்குழி வரை மூடிக்கொண்டது. "நல்லா மூடிட்டுது. ஊர் சனம் வரதுக்குள்ள சேலையைச் சுத்திடலாம்" என்றாள் பார்வதி. நான் ரவிக்கையைத் திரும்ப உருவி எடுத்தேன். மடியில் போட்டு, முன்கழுத்தை நாலு விரல் இறக்கி வெட்டினேன்.

"அக்கா, என்ன செய்யுதீங்க?"

"மூச்சு முட்டும்" என்றேன்.

குளிப்பாட்டிய சவத்துக்கு மூச்சு முட்டும் என்று சொன்ன என்னைப் பார்வதி பார்த்தாள். அதற்குமேல் அவள் தடுக்கவில்லை. திரும்ப மாட்டினேன். நீங்கள் எல்லோரும் வந்து பார்த்தீர்கள்.

பழியா என்று கேட்டால், இல்லை என்று சத்தியம் செய்யமாட்டேன். அவள் என் மகளின் கழுத்தை இறக்கினாள், நான் அவள் கழுத்தை இறக்கினேன் என்ற எண்ணம் கத்தரிக்கோல் கையில் இருக்கும்போது எனக்கு வந்தது. வரவில்லை என்றால் பொய். பழி மட்டும்தானா என்றால் அதுவும் தெரியவில்லை. தாலி ஏறுவதற்கு முன்னால் பார்க்கட்டும் என்று என் மகள் விஷயத்தில் சொன்னவள், தன்னுடையதை அறுபது வயது வரைக்கும் மூடியே வைத்திருந்தாள். அவளுக்கு எது இஷ்டமாக இருந்திருக்கும்? செத்தவளைக் கேட்க முடியாது. உயிரோடு இருந்தவளைக் கேட்டிருக்கலாம். அதற்கும் நான் பேசவேண்டியிருந்தது.

அவளை எடுத்துக்கொண்டு போன பிறகு சிவகாமி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் நிதானமாகச் சொன்னாள்: "கழுத்தை ஏத்துன்னு நீ சொன்னே. பெரியம்மா இறக்கினாங்க. ரெண்டு பேருல ஒருத்தர்கூட என்னைக் கேக்கலியே, அம்மா."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பே?"

"தெரியலை. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

பதினொரு வருஷம் நான் சுமந்த கோபத்தில் சிவகாமி எந்த இடத்திலும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு இன்றுவரைக்கும் அழுகை வரவில்லை. பதினாறாம் நாளும் கழிந்துவிட்டது. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். கோபம் போய்விட்டதா என்று தடவிப் பார்க்கிறேன், இருக்கிறது.

பதினேழாம் நாள் பார்வதி அவளுடைய காகிதக் கட்டைக் கொண்டுவந்து திண்ணைமேல் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒவ்வொன்றாக விரித்தேன். உங்கள் எல்லோருடையதும் இருக்கிறது. பேர் எழுதி, பிள்ளை பெற்று உடம்பு பெருத்ததற்குத் தனித்தனியாகக் கோடு போட்டு வைத்திருக்கிறாள். வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அவளுக்கென்று ஒரு காகிதம் அதில் இல்லை. தன் மேல் காகிதத்தை வைத்துப் பார்க்க வேண்டுமென்றால் கண்ணாடிக்கு முன்னால் ரவிக்கையைக் கழற்றி நிற்கவேண்டும். அதை அவள் செய்யவில்லை போலிருக்கிறது.

நான் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தொண்டைக்குழியிலிருந்து நாலு விரல் இறக்கம், கழுத்துக்குக் குறுக்கே ஆறு விரல், இடது பக்கம் ஒரு நெல் சாய்வு. செண்பகத்தக்காவின் கழுத்தளவு இது. அன்று வெட்டும்போது இதை எடுத்தவள் நான் ஒருத்திதான். கையில் இருக்கிறது. இனிமேல் யாருக்கும் இந்த அளவில் தைக்கப்போவதில்லை.